எக்மோ பிரிவில் பதினோரு நாட்கள்

நிமோனியாவால் நுரையீரல் செயலிழந்த என் தம்பி, சென்னையின் தனியார் மருத்துவமனை ஒன்றில் 11 நாட்கள் எக்மோவில் இருந்தான். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குள் திருப்பி அனுப்பும் கருவி அது. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும் 2020இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் பொருத்தப்பட்டபோது செய்திகளில் கேட்ட பெயர்தான். அதன் பெரிய தொல்லை ரத்தத்தில்தான் என்பது அங்கே காத்துக் கிடந்தபோதுதான் புரிந்தது.

தொடையிலிருந்து கருஞ்சிவப்பாக வரும் ரத்தம், ஆக்சிஜனேட்டரைக் கடந்து பளிச்சென்ற சிவப்பாகக் கழுத்துக் குழாய் வழியே உள்ளே திரும்புகிறது. பிளாஸ்டிக் பட்டாலே ரத்தம் உறையப் பார்க்கும் என்பதால் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கும். கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. போதாக்குறைக்கு, பம்பின் வேகத்தில் ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்னும் புரதத்தின் நீண்ட இழைகள் அறுபடுவதாலும் தட்டணுக்கள் குறைவதாலும், ஹெப்பாரினை நிறுத்தினாலும் கசிவு நிற்காமல் போகலாம். நான்காம் நாள் தம்பிக்கு மூக்கிலும் கானுலா என்னும் குழாய் செருகிய இடத்திலும் அப்படித்தான் கசிந்தது. ஹெப்பாரினை நிறுத்தி, தட்டணுக்களை ஏற்றி, ஒன்றரை நாளில் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

செவிலியர்களையும், கருவியை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டுகளையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. நான் உள்ளே போன வேளைகளில் பெரும்பாலும் யாராவது ஒருவர் ஆக்சிஜனேட்டரின் மூலைகளில் டார்ச் அடித்துக் ரத்தம் உறைந்த கறுப்புத் திட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் சிறுநீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறியதும், சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்றறிய, பிளாஸ்மாவில் தனியே கலந்திருக்கும் ஹீமோகுளோபினை அளந்தார்கள். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினாலே கவலைக்குரியது, அவனுக்குத் தாண்டியிருந்தது. பம்பில் கட்டி பிடித்திருந்ததால் அன்று மாலையே குழாய், பம்பு, ஆக்சிஜனேட்டர் எல்லாம் சேர்ந்த சர்க்யூட்டை முழுவதுமாக மாற்றிவிட்டார்கள்.

மதிப்பெண்ணைக் குறைப்பது நிர்வாகம். கையெழுத்து வாங்கிய படிவத்தில் 'ரத்தக் கசிவு ஏற்படலாம்' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. கட்டி பிடிப்பதையோ, சர்க்யூட்டை மாற்ற நேர்ந்தால் அதற்கான செலவு தனி என்பதையோ எவரும் சொல்லவில்லை. பில்லில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இரவு ஒரு மணிக்கு அழைத்து, "விடியறதுக்குள்ள நாலு டோனர் வேணும் சார்" என்றார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பாமல் ஆள் திரட்டியிருப்பேன்.

சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலரை, தகவல் தருவதற்கு இரண்டு. கானுலாவை எடுத்த பின், நாங்கள் கேட்காமலேயே தொடைச் சிரையில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கும் ஒரு கட்டி இருந்தது. அதற்கான மாத்திரையைத் தம்பி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.