காது இரைச்சல்: செவியைப் பயிற்றுவதா, மனத்தைப் பயிற்றுவதா?

வெளியில் எந்த ஒலியும் எழாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ரீங்காரமோ சீறலோ ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதைக் காது இரைச்சல் என்கிறோம். 2022இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இதை உணர்ந்திருப்பதாகவும், 2 விழுக்காட்டினர் கடுமையாக அவதிப்படுவதாகவும் கணித்தது. இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு கவனிக்கத்தக்கது. ஆய்வகத்தில் அளந்து பார்த்தால், பெரும்பாலோருக்கு அந்த இரைச்சல், அவர்களால் கேட்க முடிந்த மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபல்களே உயர்ந்திருக்கும்; ஆனால், ஒரே அளவு இரைச்சல் உள்ள இருவரில் ஒருவர் அதை மறந்து வேலை பார்ப்பார், மற்றவர் உறக்கம் இழந்து தவிப்பார். ஆகவே எந்தச் சிகிச்சையை எடைபோடும்போதும், அது இரைச்சலையே குறைக்க முயல்கிறதா, இரைச்சல் தரும் துன்பத்தைக் குறைக்க முயல்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

செவிப்பயிற்சி முதல் வகையைச் சேர்ந்தது. கணினியில் அடுத்தடுத்து ஒலிக்கும் இரண்டு தொனிகளில் எது உயர்ந்த சுருதி, இரண்டும் ஒன்றா வேறா என்று நோயாளி கண்டறிகிறார். சரியாகச் சொல்லச் சொல்ல வேறுபாடு நுணுக்கமாகிக்கொண்டே போகும். இதன் பின்னுள்ள கருத்து எளிமையானது. செவிப்புறணி எனப்படும் மூளைப் பகுதியில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு. உட்செவி சேதமடைந்து சில சுருதிகள் வந்து சேராதபோது, அவற்றுக்குரிய நரம்பணுக்கள் பக்கத்துச் சுருதிகளுக்கு எதிர்வினை காட்டத் தொடங்குகின்றன. இந்த மறுசீரமைப்பே இரைச்சலாக உணரப்படுகிறது என்றும், தீவிரப் பயிற்சியால் அதைத் திருப்பிவிடலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதினர். 1998இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வொன்று இத்தகைய மறுசீரமைப்புக்கும் இரைச்சலின் கடுமைக்கும் தொடர்பு கண்டது. ஆனால் 2012இல் வெளியான மூளைப்படப்பிடிப்பு ஆய்வில், கேட்கும் திறன் இயல்பாக இருந்த இரைச்சல் நோயாளிகளிடம் அவ்விதப் பெரும் மாற்றம் தென்படவில்லை. அடித்தளமே இப்படி ஆட்டம் காண்கிறது.

பயன் குறித்த சான்றுகளும் உறுதியாக இல்லை. 2010இல் வந்த முறைசார் மீளாய்வு பத்து ஆய்வுகளைத் திரட்டி, கிடைத்த சான்றின் தரம் தாழ்விலிருந்து நடுத்தரம் வரைதான் என்று முடிவுகூறியது. அதன்பின் பிரிட்டனில் மேற்கொள்ளப்பட்ட சோதனைகளில், கேட்கும் திறன் குறைந்த சுருதியில் பயின்றவர்களும் இயல்பான சுருதியில் பயின்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்கே, அதுவும் சிறிதளவே, தேறினர். எந்தச் சுருதியில் பயின்றாலும் ஒரே பலன் என்றால், வேலை செய்வது செவிப்புறணியின் மறுசீரமைப்பைத் திருப்புவதாக இருக்க வாய்ப்பில்லை. கவனத்தை வெளி ஒலிகளின்பால் திருப்பிப் பழகுவதோ, தானே ஏதோ செய்கிறோம் என்ற தெம்போதான் காரணமாக இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. அது இழிவான பலன் அன்று. ஆனால், அதற்காக விலையுயர்ந்த மென்பொருளை வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

ஒலிச் சிகிச்சை, அதாவது மெல்லிய பின்னணி இரைச்சலைத் தொடர்ந்து கேட்பது, இதைவிட எளிது: நோயாளி எதையும் பயில வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மீளாய்வு, எட்டு ஆய்வுகளை ஆராய்ந்தும், ஒலிச் சாதனங்கள் சிகிச்சையின்றிக் காத்திருப்பதைவிட மேலானவை என்பதற்குச் சான்று காணவில்லை. எனினும் இரவின் அமைதியில் தவிப்பவர்களுக்கு உடனடி ஆறுதல் தரும் வழியாக இதை ஒதுக்கிவிட முடியாது. கேட்கும் திறன் குறைந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காது கேட்கும் கருவியின் தேவை தனியாகவே நிறுவப்பட்டது; பேச்சு தெளிவாகும், சிரமப்பட்டுக் கேட்கும் களைப்பு குறையும், புற ஒலிகள் மிகும்போது இரைச்சலும் பின்தங்கலாம். இரைச்சல் குறையாவிட்டாலும் இழப்பில்லாத வழி இது ஒன்றே.

நரம்பியல் ஆய்வாளர் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் வகுத்த மறுபயிற்சிச் சிகிச்சையின் பெயரிலும் பயிற்சி இருப்பதால் அதையும் செவிப்பயிற்சியையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். இதில் தொனிகளைப் பிரித்தறியும் வேலை இல்லை. ஆலோசனையும் மெல்லிய ஒலியும் சேர்ந்து, மூளை இரைச்சலைப் பொருட்படுத்தாத நிலைக்குப் பழக்கும் முயற்சியே இது. அமெரிக்காவில் 151 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், முழுச் சிகிச்சை பெற்றவர்களும், ஒலிச் சாதனத்துக்குப் பதில் போலிச் சாதனம் பெற்றவர்களும், வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களும் ஒன்றுபோலவே முன்னேறினர்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இரைச்சலைத் தொடுவதே இல்லை. ‘இது ஒருநாளும் ஓயாது, என் வாழ்வு முடிந்தது’ என்ற எண்ணத்தையும், அமைதியான இடங்களை அஞ்சி விலகும் பழக்கத்தையும், உறக்கத்தைக் கெடுக்கும் பதற்றத்தையும் அது எதிர்கொள்கிறது. 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, 28 ஆய்வுகளைச் சேர்ந்த 2733 பேரின் தரவுகளிலிருந்து, சிகிச்சை முடியும் தறுவாயில் வாழ்க்கையின் மீதான பாதிப்பு குறையக்கூடும் என்று கண்டது. இங்கே பேசப்படும் வழிகளில் சான்றின் பலம் மிகுந்தது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பயிற்சி பெற்ற உளவியலாளர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ‘காதில்தானே நோய், மனநல மருத்துவரிடம் எதற்கு’ என்ற தயக்கமும் பலரைத் தடுக்கிறது.

தெரிவு செய்வதற்கு முன் மருத்துவரைக் காண வேண்டியவர்கள் உண்டு: இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருப்போர், நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்போர், கேட்கும் திறனைத் திடீரென இழந்தோர், தலைச்சுற்றல் உடையோர். அவ்வகை இல்லாதவர்கள் கேட்டல் சோதனை செய்து, குறைபாடு இருந்தால் கருவியையும், துன்பம் மிகுந்தால் நடத்தைச் சிகிச்சையையும் முதலில் நாடலாம். செவிப்பயிற்சியை அவற்றுக்குத் துணையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தொடங்குவோர், 25 கேள்விகள் கொண்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் இரைச்சல் பாதிப்பு வினாத்தாளை முன்னும் பின்னும் நிரப்பிப் பார்க்கலாம். ஏறத்தாழ 7 புள்ளிகள்கூடக் குறையவில்லை என்றால் அப்பயிற்சியை நிறுத்திவிட்டு அடுத்த வழிக்குச் செல்லலாம்.