ஏர்கியூ பிளஸ்: காற்று மாசின் உயிரிழப்பைக் கணக்கிடும் மென்பொருளை எந்த அளவுக்கு நம்பலாம்?

காற்று மாசால் இத்தனை பேர் உயிரிழந்தனர் என்று அறிக்கைகளில் வரும் எண்கள் இறப்புச் சான்றிதழ்களை எண்ணிப் பெற்றவை அல்ல. மக்கள்தொகை, மாசின் செறிவு, ஏற்கெனவே நடந்த ஆய்வுகள் தரும் இடர் விகிதம் (மாசு கூடும்போது இறக்கும் வாய்ப்பு எத்தனை மடங்காகிறது என்ற அளவு) ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடப்பட்டவை. அந்த மதிப்பீட்டைச் செய்து பார்க்க விரும்புவோருக்காக உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் இலவசமாக வழங்கும் மென்பொருள்தான் ஏர்கியூ பிளஸ்.

நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் ஆகியவற்றின் குறுகிய கால, நீண்ட கால விளைவுகளையும், வீட்டுக்குள் விறகு போன்ற திட எரிபொருள்களை எரிப்பதால் வரும் பாதிப்பையும் இதில் கணக்கிடலாம். ஆண்டுச் சராசரிச் செறிவு, மக்கள்தொகை, லட்சம் பேருக்கான இறப்பு வீதம், எந்தச் செறிவுக்கு மேல் பாதிப்பைக் கணக்கில் எடுப்பது என்னும் அடிநிலை மதிப்பு ஆகியவற்றை உள்ளிட்டால் விடை உடனே வந்துவிடுகிறது. நிறுவுவதில் சிரமமில்லை, தோற்றம் சற்றுப் பழைய பாணி, அது ஒரு குறையாகப் படவில்லை.

இதன் உண்மையான பயன் அந்த அடிநிலை மதிப்பில்தான் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் விட்டமுள்ள நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை 2005-இல் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தது. 2021-இல் அதை 5 ஆகக் குறைத்தது. செறிவு 35 மைக்ரோகிராமாக உள்ள இடத்தில், வயது வந்தோரிடையே இயற்கைக் காரணங்களால் ஆண்டுக்கு 10,000 இறப்புகள் நிகழ்வதாக வைத்துக்கொள்வோம். செறிவு 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் இடர் 1.08 மடங்காகிறது என்ற மதிப்பைக் கொண்டு, அடிநிலையை 10 என்று வைத்தால் சுமார் 1,750 இறப்புகள் மாசின் கணக்கில் சேரும். 5 என்று வைத்தால் அதுவே சுமார் 2,060 ஆகிவிடும். காற்றும் மாறவில்லை, இறந்தவர்களும் கூடவில்லை. ஒப்பிடும் புள்ளி மட்டுமே மாறியிருக்கிறது. இந்தத் தேர்வை வெளிப்படையாகச் செய்யும்படி பயனரைக் கட்டாயப்படுத்துவதே இம்மென்பொருளின் சிறப்பு என்பேன்; முடிவை மட்டும் தந்துவிட்டு அடிநிலையைச் சொல்லாத அறிக்கைகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒவ்வொரு விடையுடனும் கீழெல்லை, மேலெல்லை மதிப்புகளும் கிடைக்கின்றன. மேற்சொன்ன கணக்கில் இடர் விகிதத்தை 1.06 முதல் 1.09 வரை எடுத்தால், அடிநிலை 5 என்னும்போது இறப்புகள் ஏறத்தாழ 1,600 முதல் 2,280 வரை விரிகின்றன. ஆனால் இந்த இடைவெளி இடர் விகிதத்தின் ஐயப்பாட்டை மட்டுமே காட்டுகிறது. ஒரே ஒரு கண்காணிப்பு நிலையத்தின் அளவீட்டை நகரம் முழுவதற்கும் பொருத்துவதிலும், இறப்புப் பதிவுகளின் குறைபாட்டிலும் வரும் பிழைகள் அதில் அடங்குவதில்லை. ஆகவே அந்த எல்லைகளை முழுமையான பிழை வரம்பாக அறிக்கையில் எழுதுவது தவறு.

பெரிய குறை, சிக்கலான இடர்களுக்கு இது போதாது என்பதே. சாலையோரத்தில் வசிப்பவர் நுண்துகளையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் இரைச்சலையும் கோடை வெப்பத்தையும் சேர்த்தே தாங்குகிறார். மென்பொருளோ மாசுகளைத் தனித்தனியாகக் கணக்கிடுகிறது, இரைச்சலும் வெப்பமும் அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. இரண்டு மாசுகளுக்கான விடைகளைக் கூட்டிவிடலாம் என்று தோன்றும். அவை பெரும்பாலும் ஒரே வாகனப் புகையிலிருந்து சேர்ந்தே வருவதால், அப்படிக் கூட்டினால் ஒரே இறப்பு இருமுறை எண்ணப்படும். நகரின் பகுதிவாரியான வேறுபாட்டை வரைபடத்தில் பார்க்க வேண்டுமானால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகவே தரும் பென்மேப் என்னும் மென்பொருள் பொருத்தமானது. அதைப் பழகக் கூடுதல் காலம் பிடிக்கும்.

ஒரே மாசு, ஒரே நகரம், நம்பகமான இறப்புப் புள்ளிவிவரம் என்ற நிலையில் முதல் மதிப்பீட்டுக்கு ஏர்கியூ பிளஸ்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு தொழிற்சாலைக்கு அனுமதி தரலாமா என்பது போன்ற கேள்விக்கு இதன் விடையை மட்டும் ஆதாரமாக வைக்கும் அறிக்கையை ஏற்க மாட்டேன்.