ஆறு வருஷமாக மக்காச்சோளத்துக்கு அசோஸ்பைரில்லம் போட்டதில் கண்டது

போன வாரம் தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். "மச்சான், சோளத்துக்கு வருஷா வருஷம் அசோஸ் போடுறீங்களே, பயிர் நிஜமாவே கேக்குதா?" என்றார். அசோஸ் என்று நாங்கள் சொல்வது அசோஸ்பைரில்லம்; பயிரின் வேருக்கு உதவும் பாக்டீரியா அடங்கிய உயிர் உரம். போனில் கோபமாகத்தான் பேசிவிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பெரம்பலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் கரிசல் காடு. மானாவாரிதான். புரட்டாசியில் விதைத்தால் தையில் கதிர் ஒடிப்போம். ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட் நான்கு. அதை மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஒரு ராத்திரி நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்து, விதைக்கும் அன்று மண்ணில் தூவுவேன். விதை நேர்த்தியை முதல் வருஷத்தோடு விட்டுவிட்டேன். வீரிய ஒட்டு விதைப் பையைப் பிரித்தாலே விரலில் சிவப்பு ஒட்டுகிறது. பூஞ்சாணக் கொல்லி பூசிய விதையின் மேல் உயிருள்ள பாக்டீரியாவைத் தடவினால் அது எப்படிப் பிழைக்கும்?

ஒவ்வொரு வருஷமும் நான்கு வரிசைக்கு மட்டும் போடாமல் விடுவேன். அப்படி ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் இதில் எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டாம் வருஷம் 25ஆம் நாள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மண்வெட்டியால் அடியோடு தோண்டி எடுத்தேன். போடாத செடியை உதறியதும் மண் பொலபொலவென்று கொட்டி, வெள்ளை வேர் தனியாகத் தெரிந்தது. போட்ட செடியை எவ்வளவு உதறியும் மண் விடவில்லை. தண்ணீரில் அலசிப் பார்த்தால் வேர் முழுக்கப் பஞ்சு மாதிரி மெல்லிய தூவி. அந்த வருஷம் ஐப்பசியில் பதினெட்டு நாள் மழை இல்லை. நான்கு வரிசையும் காலை பத்து மணிக்கே இலையைச் சுருட்டிக்கொண்டது. மற்றது மத்தியானம் வரை தாங்கியது. வரப்பில் நின்று அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

உளுந்து, கடலை வேரில் இருப்பது போல முடிச்சைத் தேடாதீர்கள். முடிச்சு போடுவது ரைசோபியம் என்ற வேறு பாக்டீரியா. அசோஸ் வேரை ஒட்டியும், கொஞ்சம் வேருக்குள்ளும் குடியிருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுப்பது ஒரு வேலை; வேர்த்தூவியைப் பெருக்கும் வளர்ச்சி ஊக்கியைச் சுரப்பது இன்னொரு வேலை. என் காட்டில் நான் கண்ணால் கண்டது இரண்டாவதைத்தான். யூரியாவை அள்ளிக் கொட்டினால் முதல் வேலையை அது நிறுத்திக்கொள்ளும். அதனால் ஏக்கருக்கு மூன்று மூட்டை போட்ட இடத்தில் இரண்டே கால் மூட்டையாகக் குறைத்தேன். விளைச்சல் குறையவில்லை. பிரேசிலில் 1970களில் ஜோஹன்னா டோபரைனர் என்ற அம்மா புல், தானியப் பயிர்களின் வேரில் இதை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். இன்றைக்கு அந்த நாட்டு மக்காச்சோளக்காரர்கள் ஏராளமான பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, சரக்கில் குறை இல்லை.

குறை கடையில். போன வருஷம் பாக்கெட் கேட்டதும் கடைப் பையன் தகரக் கூரைக்குக் கீழே, மருந்து டப்பாக்களுக்கு மேல் கிடந்ததை எடுத்துத் தந்தான். வெயிலில் நின்ற பைக் சீட்டைத் தொட்ட மாதிரி கை சுட்டது. தயாரிப்பு மே மாதம். பொடிக்கு ஆறு மாதக் கெடு என்பதால் கணக்குப்படி தேதி இருக்கிறது. ஆனால் கத்திரி வெயிலிலிருந்தே அந்தத் தகரத்துக்கு அடியில் கிடந்திருக்கிறதே! 40 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் கிடந்தால் பாக்டீரியா செத்துப்போகும். "சார், இது உயிர் உரம், நிழல்ல வைக்கணும்" என்றேன். "எல்லாம் உரம்தானே" என்றார் கடைக்காரர். வேறு வழியில்லாமல் வாங்கி வந்து போட்டேன். 25ஆம் நாள் தோண்டினேன். இரண்டு பக்கமும் வேர் ஒரே மாதிரி, உதறினால் மண் ஒரே மாதிரி கொட்டியது. அந்த வருஷம் மழை தாராளம், அதனாலும் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம் என்றாள் என் மனைவி. அவள் சொல்வது நியாயம்தான். அதற்கு முந்தின வருஷமும் நல்ல மழைதான். அப்போது வேரில் மண் பிடித்திருந்ததே என்று எனக்கு மனம் ஆறவில்லை.

பாக்கெட்டில் இருப்பது உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று வாங்குகிறவன் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் கிடையாது. முளைக்காத விதையைக்கூட ஈரத் துணியில் கட்டிக் கண்டுபிடித்துவிடலாம். திரவமாக வருவது ஒரு வருஷம் தாங்கும் என்கிறார்கள், ஏக்கருக்கு 200 மில்லி போதும். அதுவும் அதே தகரத்துக்கு அடியில்தான் அடுக்கியிருக்கிறது.

மாப்பிள்ளை, பயிர் கேக்குது. நல்லாவே கேக்குது. ஆனால் நம்ம பக்கத்துக் கடையில் வாங்காதீங்க. நானும் இந்தப் புரட்டாசிக்கு வாங்குவதாக இல்லை. தொழுவுரத்தை மட்டும் ஏக்கருக்கு ஒரு வண்டி கூட அடிக்கப் போகிறேன். நான்கு வரிசை ஒதுக்கிக் குச்சி நடும் வேலை இந்த வருஷம் இல்லை.