புது எம்எஸ் ஆபீஸ் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுகிறவன் நான். யார் எத்தனை கிலோ இலை போட்டார், முன்பணத்தில் பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் பல வருடங்களாக மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2010-இன் எக்செல்லில்தான் இருந்தது. கணினி ஆமையாக நகர்கிறதே என்று சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு, கட்டபெட்டு வழியாக ஊட்டிக்கு பஸ் ஏறினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

"பழையது அப்படியே இருக்கட்டும் சார், பக்கத்திலேயே ஆபீஸ் 2021 போட்டுத் தருகிறேன். இரண்டும் ஓடும்" என்றார் கடைக்காரர். 3,800 ரூபாய். ரசீது கேட்டேன், ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது.

அவர் சொன்னது முழுப் பொய்யல்ல. இரண்டு பதிப்புகளை ஒரே கணினியில் வைக்கலாம். ஆனால் ஆபீஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு; பழையது 32 பிட் என்றால் புதியதும் 32 பிட்டாக இருக்க வேண்டும். பழையதை முதலில் நிறுவ வேண்டும், புதியதைப் பிறகு. ஆபீஸோடு வரும் மின்னஞ்சல் செயலியான அவுட்லுக் மட்டும் ஒன்றுதான் இருக்கும். பழைய அவுட்லுக்கை நீக்க வேண்டியிருக்கும் என்று நிறுவும்போதே திரையில் அறிவிப்பு வரும். எனக்குக் காட்டாமலே "சரி" என்று அழுத்தியிருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய அவுட்லுக்கைக் காணவில்லை. கடிதங்கள் அடங்கிய பிஎஸ்டி கோப்பு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன்.

போன் செய்தேன், கொண்டுவரச் சொன்னார். மறுபடி பஸ், மறுபடி 600 ரூபாய். இந்த முறை 2021-ஐ அப்படியே விட்டு, அதன்மேல் 2010-ஐத் திரும்ப நிறுவித் தந்தார். தலைகீழ் வேலை. அன்றுமுதல் எந்தக் கோப்பைத் தட்டினாலும் பழையதில்தான் திறந்தது. வேர்டைப் பதிப்பு மாற்றித் திறந்தால் ஒரு பட்டை ஓடி முடியும்வரை கைகட்டி உட்கார வேண்டும்.

உண்மையான அடி, இலைப் பணம் கொடுக்கும் நாளில் விழுந்தது. முந்தின இரவு என் மகள் 2021-இல் பட்டியலில் தேடி விவரத்தை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்அப் என்ற சூத்திரத்தைப் போட்டு வேலையைச் சுலபமாக்கியிருந்தாள். காலையில் நான் அதே கோப்பைத் தட்ட, அது 2010-இல் திறந்தது. ஒருவருடைய கிலோவைத் திருத்தினேன். அவர் பெயருக்கு நேரே தொகை போய் '#நேம்?' என்று நின்றது. 2010-க்கு அந்தச் சூத்திரமே தெரியாது. வாசலில் வரிசை நிற்கிறது. "நான் போட்ட இலையெல்லாம் எங்கே போச்சு தம்பி?" என்று ஒரு பாட்டி திரையை எட்டிப் பார்த்தார். கையால் கூட்டித்தான் அன்று பணம் கொடுத்தேன்.

அடுத்த மாதம், இது அசல் உரிமம் அல்ல என்று 2021-இன் தலையில் ஒரு பட்டை வந்தது. கடைக்காரர் போனை எடுக்கவில்லை.

இப்போது இரண்டையும் நீக்கிவிட்டு, உரிமத்தோடு ஒரே பதிப்பை வைத்திருக்கிறேன். 2010-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 அக்டோபரிலேயே நின்றுவிட்டன. அதை நான் கட்டிக்கொண்டு அழுததும் தப்புதான். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமென்று துண்டுச்சீட்டைத் தேடி எடுத்தேன். தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது. கடையின் பெயர் இல்லை.