பைப் முடியறது வேற, ஃபைல் முடியறது வேற: ஈபோலா, கேக்யூவா?

எந்த இன்புட்ல டேட்டா ரெடின்னு கெர்னல் நமக்குச் சொல்ற வசதிக்கு லினக்ஸ்ல ஈபோல்னு (epoll) பேரு, ஃப்ரீபிஎஸ்டில கேக்யூ (kqueue). ஸ்டாண்டர்ட் இன்புட்டை ஈபோல்ல சேர்க்கிற மாதிரி ஒரு குட்டி சி புரோகிராம் எழுதி, லினக்ஸ்ல லாக் ஃபைலை கேட் போட்டு பைப் வழியா அனுப்பிப் பாருங்க, அழகா ஓடும். அதே லாகை பைப் இல்லாம நேரா ரீடைரக்ட் பண்ணுங்க, ஈபெர்ம் (EPERM, "அனுமதி இல்ல") எரர் வரும். நான் பர்மிஷன் பிரச்சனைன்னு நெனச்சு அரை மணி நேரம் சிஎச்மோட் (chmod) போட்டு ஃபைல் பர்மிஷனை மாத்திட்டு இருந்தேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சாதாரண ஃபைலை ஈபோல் சேத்துக்காது, அவ்ளோதான்.

பைப்ல ஈஓஎஃப்னா (EOF, டேட்டா முடிஞ்சுதுங்கற அடையாளம்) எழுதுற முனையை பிடிச்சிருந்த கடைசி ஆளும் மூடிட்டு கிளம்பிட்டான்னு அர்த்தம். ஃபைல்ல அப்படி இல்ல, நீங்க இப்போ கடைசி பைட்டைத் தாண்டி நிக்கிறீங்க, அடுத்த செகண்ட் வேற யாராவது நாலு வரி சேர்த்தா ரீட் மறுபடி டேட்டா குடுக்கும்.

மொதல்ல பைப். எழுதுற முனை மூடினதும் ஈபோல்ல நீங்க கேக்காமலே ஈபோல்ஹப் (EPOLLHUP) வரும். உள்ள மிச்சம் டேட்டா இருந்தா படிக்கலாம்னு சொல்ற ஈபோல்இன் (EPOLLIN) கூடவே வரும், காலியாயிடுச்சுன்னா ஹப் மட்டும்தான். நான் இன்னை மட்டும் செக் பண்ணிட்டு ஹப்பை கண்டுக்காம விட்டேன், லூப் சுத்து சுத்துன்னு சுத்தி ஒரு கோர் 100% போச்சு. சரின்னு ஹப் பாத்த உடனே குளோஸ் பண்ணா அதுவும் தப்பு, பைப்புக்குள்ள 64 கேபி வரைக்கும் படிக்காம கிடக்கலாம், ரீட் 0 தர்ற வரைக்கும் படிச்சே ஆகணும். 2000லயே ஃப்ரீபிஎஸ்டி 4.1ல வந்த கேக்யூ இதுல தெளிவு: ஒரே ஈவென்ட்ல ஈவி_ஈஓஎஃப் கொடியும் இருக்கும், இன்னும் எத்தனை பைட் மிச்சம்ங்கறதும் இருக்கும்.

ஃபைலுக்கு வந்தா, இதே வேலைக்கு இருக்கிற பழைய கால்கள் போல் (poll), செலக்ட் (select) ரெண்டும் எப்பவுமே "ரெடி"ன்னுதான் சொல்லும், கடைசில நின்னாலும் ரெடி, அதை நம்பி லூப் போட்டா சும்மா சுத்தும். அதுக்கு ஈபோல் மாட்டேன்னு சொல்றதே மேல்னு எனக்குத் தோணுது. கேக்யூ ஃபைலையும் வாங்கிக்கும், கடைசிக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு சொல்லும், யாராவது ஃபைலை வெட்டிட்டா அந்த நம்பர் மைனஸ்லகூட வரும். ஃபைல்ல புதுசா சேர்ற வரிகளைக் காட்டிட்டே இருக்கிற டெய்ல் -எஃப் (tail -f) மாதிரி எழுத இது சொகுசு, லினக்ஸ்ல அதுக்கு ஃபைல் மாற்றத்தைச் சொல்ற ஐநோட்டிஃபை (inotify) தனியா வேணும்.

ஆனா கேக்யூல ஒரு பொறி இருக்கு. ஃபைல் முடிஞ்சுதுன்னு ஈவி_ஈஓஎஃப் வரவே வராது, சும்மா அமைதியாயிடும். காலி ஃபைலை இன்புட்டா குடுத்துட்டு, ஈவென்ட் வந்தா முடிச்சுக்கலாம்னு உக்காந்தா விடிய விடிய உக்காந்திருக்க வேண்டியதுதான். அதனால ஃபைல்னு தெரிஞ்சா ரெண்டுலயும் சேக்காம நேரா படிச்சிடறேன், டிஸ்க் மெதுவா இருந்தா த்ரெட்ல.

அப்புறம், பைப்ல ஈஓஎஃப் வரவே இல்லன்னா ரெண்டையும் திட்டாதீங்க, யார் எந்த ஃபைலை, பைப்பை திறந்து வச்சிருக்காங்கன்னு காட்டற எல்எஸ்ஓஎஃப் (lsof) போட்டுப் பாருங்க, ஃபோர்க் (fork) பண்ணி புது பிராசஸ் உண்டாக்கினப்புறம் எழுதுற முனையை மூட மறந்து நம்ம பிராசஸே பிடிச்சிட்டு இருக்கும்.