எண் ஓவியக் கான்வாஸ்: கார்பன் தாளா, பென்சில் தேய்ப்பா?

கட்டத்துக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு நிறம் என்று பார்த்துப் பூசுவதுதான் எண் ஓவியம். அதற்கான படத்தைக் கான்வாஸில் இறக்க நீலக் கார்பன் தாள்தான் வேகமான வழி. கோடு பளிச்சென்று விழும். தொல்லையும் அதுதான்: மஞ்சளோ வெள்ளையோ இரண்டு பூச்சு பூசினாலும் நீலம் எட்டிப் பார்க்கும், ரப்பரால் அழித்தாலும் போகாது. கருநீல இரவு வானம், அடர்பச்சைக் காடு மாதிரியான படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதற்கெல்லாம் பென்சில்தான், நேரம் பிடித்தாலும். படத்தை அச்செடுத்த தாளின் பின்புறம் 4பி என்ற மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். உதிரித் தூளைப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். விட்டால் பெயிண்டில் கலந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். தேய்த்த பக்கம் கான்வாஸில் படும்படி தாளை வைத்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் கோட்டின்மேல் அழுத்தி வரையுங்கள். மரச்சட்டத்தில் இழுத்தடித்த கான்வாஸ் அமுங்குவதால் கோடு விட்டுவிட்டு விழும். சட்டத்துக்குள் அடியில் தடிமனான புத்தகம் கொடுங்கள். கட்டத்துக்குள் நிறத்தின் எண்ணை மெலிதாக எழுதுங்கள். எண் நுழையாத சின்னக் கட்டத்தில் அந்த நிறத்தையே ஒரு புள்ளி வைத்தால் போதும்.