சித்தூர் பக்கத்து இங்கிலீஷ் டீச்சர் ட்ரெய்னிங் சென்டர்: கிளாஸுக்கு காசு கட்டலாம், பிளேஸ்மெண்ட்டுக்கு கட்டாதீங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு நம்ம பாலக்காட்டு சித்தூரை ஒட்டின கேரளா-தமிழ்நாடு பார்டர் பக்கம் பி.ஏ இங்கிலீஷ் முடிச்ச புள்ளைங்க நிறைய பேரு இப்ப "வெளிநாட்டுல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க போலாமாமே அக்கா, அந்த சென்டர்ல சேரலாமா"னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு பதிலா மொத்தமா இங்கயே எழுதிடறேன். சென்டர் பேரு போடலைங்க, சித்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு எதுன்னு புரியும். நான் அங்க படிச்சிட்டு இப்ப தாய்லாந்துல வடகிழக்குப் பக்கம் ஒரு சின்ன டவுன் ஸ்கூல்ல வேலை பாக்கறேன், அதனால அவங்க சொன்னதுல எது நெஜம் எது வெறும் பேச்சுன்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு தான் சொல்றேன்.

அங்க ரெண்டு சாமான் விக்கறாங்க. ஒண்ணு 120 மணிநேர டெஃபல் கோர்ஸ், அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு அதை சொல்லிக்கொடுக்கற பயிற்சி, பாதி ஆன்லைன், பாதி சனி ஞாயிறு நேர்ல. இன்னொண்ணு பிளேஸ்மெண்ட் பேக்கேஜ், அதாவது வேலை, விசா, அட்டெஸ்டேஷன் (சர்டிபிகேட் நெஜம்னு அரசாங்க முத்திரை வாங்கறது), டிக்கெட் எல்லாத்தையும் "நாங்க பாத்துக்கறோம்"ங்கறது. முதல் சாமானுக்கு தாராளமா அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுப்பேன். ரெண்டாவதுக்கு ஒண்ணு கூட இல்ல.

கிளாஸ் ஏன் நல்லா இருக்குதுன்னா அங்க சொல்லிக்கொடுக்கற டீச்சர். தாய்லாந்துல பல வருஷம் வேலை பாத்துட்டு ஊருக்கு வந்தவங்க, எல்லாரும் சேச்சின்னு தான் கூப்பிடுவோம். முதல் நாளே சொல்லிட்டாங்க, "இங்க இருக்கற வரைக்கும் தமிழும் வேண்டாம் மலையாளமும் வேண்டாம், அங்க போனா அந்தப் புள்ளைங்களுக்கு ரெண்டும் தெரியாது, உங்க கை, மூஞ்சி, போர்டு, படம் இதை வச்சு தான் பொழைக்கணும்." நம்ம ஊர்ல இங்கிலீஷ் பாடம்னா பாதி நேரம் அர்த்தம் சொல்றது தானே, அந்த ஊன்றுகோலை புடுங்கிட்டாங்க. பக்கத்து ஊர் தமிழ் மீடியம் புள்ளைங்களை லீவு நாள்ல கூட்டி உக்கார வச்சு எங்களை நெஜமா பாடம் எடுக்க விட்டாங்க, பின்னாடி பெஞ்ச்ல உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பாங்க, முடிஞ்சதும் ஒவ்வொரு வரியா கேள்வி.

முக்கியமா அவங்க திருத்தினது "புரிஞ்சுதா?"னு கேக்கற பழக்கத்தை. எந்த ஊர் புள்ளைங்களும் அதுக்கு ஆமான்னு தான் தலையாட்டும், பாவம். அதுக்கு பதிலா புரிஞ்சுதான்னு காட்டிக்குடுக்கற மாதிரி சின்ன கேள்வி கேக்கணும். "ஐ யூஸ்ட் டு லிவ் இன் பாலக்காடு"ன்னு போர்டுல எழுதினா, இப்ப நான் அங்க இருக்கேனா, முன்னாடி இருந்தேனான்னு கேக்கணும், அப்ப தான் யாருக்கு புரிஞ்சுது யாருக்கு புரியலன்னு தெரியும். அதே மாதிரி வேலையை சொல்லிட்டு பேப்பர் குடுக்கணும், பேப்பரை குடுத்துட்டு சொன்னா ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாங்க. டீச்சர் பேசற நேரத்தை கொறைச்சு புள்ளைங்க பேசற நேரத்தை கூட்டணும். இதெல்லாம் கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா அம்பது பேர் இருக்கற கிளாஸ்ல தாய்லாந்து பாஷையில ஒரு வார்த்தை தெரியாம நிக்கறப்ப என்னை காப்பாத்தினது இது தான், சர்டிபிகேட் இல்ல.

உச்சரிப்பு பத்தியும் ஒரு முழு நாள் எடுத்தாங்க. நமக்கு வி, டபிள்யூ ரெண்டும் ஒண்ணாயிடும், இஸட் வாயில வராது, "இ-ஸ்கூல்"னு முன்னாடி ஒரு இ ஒட்டும். தாய்லாந்து புள்ளைங்களுக்கு கஷ்டம் வேற இடத்துல, வார்த்தையோட கடைசி எழுத்தை முழுங்கிடுவாங்க, ஆர் எல்லாம் எல் ஆயிடும். நம்ம குறை எது அவங்க குறை எதுன்னு பிரிச்சு காட்டினது ரொம்ப உபயோகமா இருந்துச்சு. இது எந்த ஆன்லைன் கோர்ஸ்லயும் இந்தியாக்காரங்களுக்குன்னு சொல்லித்தர மாட்டாங்க.

சர்டிபிகேட் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. டெஃபல்ங்கறது ஒரு கம்பெனியோ ஒரு யுனிவர்சிட்டியோ குடுக்கறது இல்ல, யார் வேணா கோர்ஸ் நடத்தலாம், அதனால தரம் மலைக்கும் மடுவுக்கும் மாறும். 120 மணிநேரம்ங்கறது வேலை குடுக்கறவங்க பொதுவா எதிர்பாக்கற அளவு. இதுக்கு மேல மதிப்பு இருக்கறது கேம்பிரிட்ஜோட செல்டா, அதுல நெஜ மாணவர்களுக்கு 6 மணிநேரம் பாடம் எடுத்து காட்டணும், முழு நேரமா படிச்சா நாலு வாரம், பீஸும் ஜாஸ்தி. காசு இருக்கறவங்க அதுக்கே போயிருங்க. இல்லன்னா நேர்ல பாடம் எடுக்க விடற கோர்ஸா பாத்து சேருங்க. வீடியோ பாத்து டிக் அடிச்சு முடிக்கற கோர்ஸ் கையில பேப்பர் குடுக்கும், கிளாஸ்ல நிக்க தெம்பு குடுக்காது.

இனி பிளேஸ்மெண்ட். சுவத்துல கொரியா, ஜப்பான், சைனான்னு பெரிய பெரிய போஸ்டர். ஆனா கொரியாவுல சாதாரண இங்கிலீஷ் டீச்சர் விசா ஏழே நாட்டுக்காரங்களுக்கு தான், அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்தியாக்காரங்களுக்கு 2010ல அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்துல ஒரு தனி வழி இருக்குது, அதுக்கும் டீச்சிங் தகுதி இருக்கணும், பி.ஏ மட்டும் பத்தாது. சைனாவும் பெரும்பாலும் நேட்டிவ் ஸ்பீக்கர், அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்களை தான் கேக்கும். நெஜமா நமக்கு கதவு தெறந்திருக்கறது தாய்லாந்து, வியட்நாம் மாதிரி நாடுங்க, பி.எட் இருந்தா கல்ஃப் இந்தியன் ஸ்கூல்ஸ், அப்புறம் மாலத்தீவு. மாலத்தீவுக்கு கேரளாவுல இருந்து ரொம்ப காலமா டீச்சருங்க போயிட்டு தான் இருக்காங்க. இதை சேர வர்ற புள்ளைகிட்ட முதல் நாளே சொல்லியிருக்கணும், அவங்க சொல்றதில்ல.

அதைவிட எனக்கு கோவம் வந்தது வேற ஒண்ணுக்கு. ஆபீஸ்ல இருக்கற அண்ணன், "டூரிஸ்டா போயிரும்மா, இந்தியாக்காரங்களுக்கு விசாவே வேண்டாமே, அங்க போய் மாத்திக்கலாம்"னு ரொம்ப சாதாரணமா சொல்றாரு. 2024 ஜூலையில தாய்லாந்து நமக்கு 60 நாள் விசா இல்லாம வரலாம்னு அறிவிச்சது சுத்திப்பாக்க தான், வேலை பாக்க இல்ல. உள்ள போய் விசா மாத்தற வழி சில நேரம் உண்டு, ஆனா ஸ்கூல் தர வேண்டிய பேப்பர் மொத்தமும் ரெடியா இருக்கணும், அது வரைக்கும் கிளாஸ்ல நின்னாலே சட்டப்படி குத்தம். ஒர்க் பர்மிட் இல்லாம மாட்டினா 5,000ல இருந்து 50,000 பாட் (தாய்லாந்து காசு) வரைக்கும் அபராதம், நாட்டை விட்டு அனுப்பிடுவாங்க. அபராதம் கட்டப்போறது நீங்க, அந்த அண்ணன் இல்ல. நான் நான்-இமிக்ரண்ட் பி விசா (வேலைக்குப் போறவங்களுக்கான விசா) கையில வராம பிளைட் ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன், ஸ்கூல்ல இருந்து லெட்டர் வாங்கி நானே ஆன்லைன்ல அப்ளை பண்ணேன்.

பொண்ணுங்க, பசங்க யாரா இருந்தாலும் இதை மறக்காதீங்க: வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பறவங்க 1983 எமிகிரேஷன் சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும், லிஸ்ட் வெளியுறவுத்துறையோட இ-மைகிரேட் சைட்ல இருக்கு, அவங்க வாங்கற சர்வீஸ் சார்ஜுக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான் உச்சவரம்பு. லைசென்ஸ் நம்பர் கேளுங்க, மழுப்பினா எந்திரிச்சு வந்துருங்க. 2022ல தாய்லாந்துல வேலைன்னு கூட்டிட்டுப் போய் மியான்மர் எல்லைக்கு அந்தப் பக்கம் அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி வேலை செய்ய வச்சாங்களே, அப்ப நம்ம வெளியுறவுத்துறையே எச்சரிக்கை விட்டாங்க. அதுல மாட்டினதுல தமிழ்நாட்டு பசங்களும் இருந்தாங்க. டீச்சர் வேலைன்னு சொன்னா ஸ்கூல் பேரு, ஊர் பேரு, ஹெட்மாஸ்டரோட வீடியோ கால், இந்த மூணும் இல்லாம ஒரு ரூபா கட்டாதீங்க.

பேப்பர் வேலையில நம்ம பார்டர்காரங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்குது. நமக்கு ஆதார் பாலக்காடு, பிளஸ் டூ கேரளா, ஆனா டிகிரி பொள்ளாச்சியிலயோ கோயமுத்தூர்லயோ. அட்டெஸ்டேஷன் எந்த ஸ்டேட்ல சர்டிபிகேட் வாங்கினமோ அந்த ஸ்டேட் வழியா தான் போகணும். கேரளா சர்டிபிகேட்டுக்கு நோர்க்கா (வெளிநாட்டுல இருக்கற மலையாளிகளுக்கான கேரளா அரசு அமைப்பு) ஆபீஸ் இருக்கு, தமிழ்நாட்டு டிகிரி சென்னைக்கு போகணும், அதுக்கப்புறம் தான் வெளியுறவுத்துறை முத்திரை, அப்புறம் தூதரகம். சென்டர்ல "எல்லாம் கொச்சியிலயே முடிச்சுத் தர்றோம்"னு என் கூட படிச்ச ஒரு தம்பிகிட்ட ஒரிஜினலை வாங்கி வச்சுக்கிட்டாங்க, கடைசியில அது சென்னைக்கு தான் போச்சு, அதுக்கு தனியா காசு வேற, அதுக்குள்ள ஸ்கூல் தொறந்து வேற ஆளை போட்டுட்டாங்க. ப்ரொவிஷனல் சர்டிபிகேட் செல்லாது, கான்வகேஷன் டிகிரி வேணும், அதை இப்பவே அப்ளை பண்ணுங்க. ஸ்கூலுக்கு ஸ்கூல் கேக்கற பேப்பர் மாறும், அதனால முதல்ல அங்க இருந்து லிஸ்ட் எழுத்துல வாங்கிட்டு அப்புறமா அலையுங்க. போலீஸ் க்ளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா வழியா 500 ரூபாய்க்கு நீங்களே எடுக்கலாம், இதுக்கு ஆயிரக்கணக்குல குடுக்க தேவையே இல்ல.

அப்புறம் இனிஷியல். பத்தாவது சர்டிபிகேட்ல "கே. செல்வி", பாஸ்போர்ட்ல "செல்வி கந்தசாமி"ன்னு இருந்தா அங்க ரெண்டும் ஒரே ஆள்னு நம்ப வைக்கவே படாத பாடு படணும். அவங்க பாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் காலியா விட முடியாது. ஒரே ஆள் தான்னு அபிடவிட் எழுதி நோட்டரி போட்டு கையில வச்சுக்கோங்க.

இங்கிலீஷ் தெரியும்னு நிரூபிக்கவும் தயாரா இருங்க. தாய்லாந்துல நமக்கு டோயிக்ங்கற இங்கிலீஷ் பரீட்சையில 600 மார்க் கேப்பாங்க, மொத்தம் 990. பி.ஏ இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல, ஆனா முன்னாடியே எழுதிடணும். டீச்சர் லைசென்ஸ் பாக்கறது குருசபான்னு ஒரு அமைப்பு, பி.எட் இருந்தா பின்னாடி ரொம்ப உதவும், இல்லன்னா தற்காலிக அனுமதி தான்.

அங்க போனா எப்படி இருக்கும்னு கேக்கறவங்களுக்கு, முதல்ல சம்பளம். ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு முப்பதாயிரம் பாட்டுக்கு மேல, எனக்கு சொன்னது இருபதாயிரத்துக்கு கொஞ்சம் மேல. வலிக்கத்தான் செய்யும், என் கூட இருக்கற பிலிப்பைன்ஸ் டீச்சருங்களுக்கும் அதே கதை, வேலை மட்டும் அவங்க ரெண்டு மடங்கு செய்யறாங்க. இதை மனசுல வாங்கிட்டு தான் கையெழுத்து போடணும். ரூமுக்கு ரெண்டு மாச அட்வான்ஸ், முதல் சம்பளம் மாசக் கடைசியில, அதனால மூணு மாச செலவுக்கு காசு கையோட போங்க. விசா முதல்ல 90 நாளைக்கு தான், ஒர்க் பர்மிட் வந்தப்புறம் ஒரு வருஷமா நீட்டறதுக்கு 1,900 பாட், நடுவுல ஊருக்கு வரணும்னா ரீ-என்ட்ரி பர்மிட் எடுக்காம கிளம்பிட்டா விசா அப்படியே ரத்து. காண்ட்ராக்ட்ல வருஷம் 2568ன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, புத்த வருஷம், 543 கழிச்சுக்கோங்க.

காலையில 8 மணிக்கு கொடி ஏத்தி மொத்த ஸ்கூலும் வெயில்ல நிக்கும், டீச்சரும் நிக்கணும். செருப்பு கழட்டணும், புள்ளைங்க தலையில தொடக்கூடாது, நம்ம ஊர்ல செல்லமா தட்டற பழக்கத்தை விட்டுடணும். பேரெல்லாம் வாயில நுழையாது, ஆனா ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு செல்லப் பேரு இருக்கும், அதையே எல்லாரும் கூப்பிடுவாங்க. யாரையும் பெயில் போட மாட்டாங்க, திரும்ப திரும்ப எழுத வச்சு பாஸ் ஆக்கணும், அது உங்க வேலை தான்.

ஆனா நான் இருக்கற இந்த ஈசான், அதாவது வடகிழக்குப் பக்கத்து புள்ளைங்களை பத்தி சொல்லியே ஆகணும். வீட்டுல பக்கத்து நாடு லாவோஸோட பாஷை மாதிரி ஒண்ணு பேசுவாங்க, ஸ்கூல்ல தாய்லாந்து பாஷை, அதுக்கு மேல இங்கிலீஷ். வீட்டுல தமிழ், ரோட்டுல மலையாளம், கிளாஸ்ல இங்கிலீஷ்னு வளந்த நமக்கு அந்தப் புள்ளை எங்க தடுமாறுதுன்னு பாத்த உடனே தெரியுது. வாய் தொறக்காம கடைசி பெஞ்ச்ல உக்காந்திருக்கறது மக்கு இல்ல, தப்பா பேசிட்டா சிரிப்பாங்கன்னு பயப்படுதுங்க, நாமளும் அப்படி உக்காந்தவங்க தானே. இந்த ஒரு விஷயத்துல நமக்கு எந்த நேட்டிவ் ஸ்பீக்கரை விடவும் ஒரு படி மேல தகுதி இருக்குதுன்னு நான் மனசார நம்பறேன், இன்டர்வியூல இதை தைரியமா சொல்லுங்க, நான் சொன்னேன், ஹெட்மாஸ்டர் கேட்டுக்கிட்டாரு.

அங்க ஸ்கூல் வருஷம் மே மாசம் நடுவுல தொறக்கும், ரெண்டாவது டெர்ம் நவம்பர்ல. பேப்பர் வேலைக்கு மாசக்கணக்குல ஆகும்ங்கறதால மே டெர்முக்கு போகணும்னா அதுக்கு முந்தின தீபாவளி முடிஞ்சதும் தொடங்கற பேட்ச்ல சேருங்க. பீஸ் கட்டறப்ப கோர்ஸுக்கு மட்டும்னு ரசீதுல எழுதி வாங்குங்க, பேக்கேஜ் சேத்து தான் தருவோம்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, நான் தனியா தான் கட்டினேன். ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் அங்க விட்டுட்டு வராதீங்க. போன் பண்ணி அந்த பேட்ச்சுக்கு சேச்சி தான் எடுக்கறாங்களான்னு முதல்ல கேட்டுக்கோங்க, அவங்க இல்லன்னா அடுத்த பேட்ச் வரைக்கும் காத்திருங்க.